தொப்பி

மதியம் கூட்டத்தில் எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். பேச்சில் பாதி பொய் என்று தெரிந்தும் நானும் எழுந்து தட்டினேன். பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துக்கொண்டேதான்.

பஸ்ஸில் வரும்போது பால் ஷ்னைடர் ஞாபகம்.

ஜெர்மனியில் ஒரு கிராமத்துப் பாதிரியார். நாஜிகளை எதிர்த்துப் பேசினார் என்று பிடித்துப் போட்டார்கள். தன் ஊர் இருந்த ரைன்லாந்து பகுதியை விட்டுப் போகிறேன் என்று ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் வெளியே வந்திருக்கலாம். போடவில்லை. புக்கன்வால்ட் வதைமுகாம்.

1938 ஏப்ரல் 20, ஹிட்லர் பிறந்தநாள். நாஜிக் கொடிக்கு முன்னால் கைதிகள் எல்லாரும் தொப்பியைக் கழற்ற, இவர் தொப்பி மட்டும் தலையிலேயே இருந்தது.

அடித்துத் தனிச்சிறையில் போட்டார்கள். அந்த ஜன்னல் வழியாக, வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு வேத வசனம் கத்தினார். அடி விழும், பாதி வசனத்தில் குரல் நின்றுவிடுமாம்.

1939 ஜூலை 18, விஷ ஊசி.

வீட்டில் மனைவி, ஆறு பிள்ளைகள்.

ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு!

எனக்கு ஒன்றே ஒன்று. டியூஷன் விட்டு இந்நேரம் வந்திருக்கும்.