தம்பியின் முழங்கால்

2024 ஜூன் 4
தம்பியின் முழங்காலுக்குப் பின்னால் உள்ள கட்டியை ஒருவழியாக டாக்டரிடம் காட்டினோம். ஃபுட்பாலில் அடிபட்ட வீக்கம் என்று இரண்டு வருஷமாக விட்டுவைத்திருக்கிறான். பக்கத்துக் கிளினிக்கில், "கொழுப்புக் கட்டிதான், அரை மணி நேரத்துல எடுத்துடலாம்" என்றார்கள். பிசியோதெரபிஸ்டாக இருக்கும் பெரியப்பா மகன் அழுத்திப் பார்த்தார். "ஆழத்துல இருக்கு, வளருது, வலிக்கவும் செய்யுது. எம்.ஆர்.ஐ. பார்க்காம யாரையும் கத்தி வைக்க விடாதீங்க."

ஜூன் 13
எம்.ஆர்.ஐ.யில் கட்டி 6 செ.மீ. இருக்கிறது. புற்றுநோய் சர்ஜன் பயாப்ஸி ஊசி இறங்க வேண்டிய இடத்தைத் தானே பேனாவால் குறித்தார். ஊசி போன வழியில் கட்டியின் செல்கள் தங்கலாம் என்பதால் பிறகு கட்டியோடு அந்த வழியையும் சேர்த்து வெட்டி எடுப்பார்களாம். கிளினிக்கில் தோண்டியிருந்தால் அந்தச் செல்கள் சுற்றியுள்ள சதையெல்லாம் சிதறியிருக்கும். நினைத்தாலே பகீரென்கிறது.

ஜூன் 28
சைனோவியல் சார்கோமா, மென்திசுவில் வரும் ஒரு வகைப் புற்றுநோய். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும்பாலும் இளவயதில், கை கால்களில், அதிலும் முழங்கால் பக்கம். 18ஆம் குரோமோசோமில் ஒரு மரபணு உடைந்து இடம் மாறியிருப்பதை ஃபிஷ் (FISH) என்ற மரபணு டெஸ்ட் உறுதி செய்தது. பரம்பரையாக வருவதில்லையாம். அப்பா வீட்டுப் பக்கம் பழி போட அம்மாவுக்கு இருந்த வாய்ப்பும் போச்சு. பரவினால் முதலில் நுரையீரலுக்குத்தான் போகுமாம், சி.டி.யில் அங்கே ஒன்றுமில்லை.

ஜூலை 5
கீமோவுக்கு முன் டாக்டர் அம்மாவை வெளியே இருக்கச் சொன்னார். ஐஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்து விந்தணுவைப் பாதிக்கலாம், முன்கூட்டியே சேமித்துவைப்பது நல்லது என்று ஆரம்பித்தார். 23 வயதுப் பையன், பக்கத்தில் அக்கா! நானும் எழுந்துவிட்டேன்.
"என்னடி சொன்னார்?"
"இன்சூரன்ஸ் விஷயம்மா."

ஜூலை 11
டாக்சோரூபிசின் என்ற இன்னொரு கீமோ மருந்து செக்கச்செவேல் என்று இறங்குகிறது. மூத்திரமும் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் முன்பே சொல்லிவிட்டார். ஐஃபாஸ்ஃபமைடால் மூத்திரப்பை புண்ணாகாமல் இருக்க மெஸ்னா என்ற மருந்து. "ரஸ்னா, மெஸ்னா" என்று தம்பி பாட்டே கட்டிவிட்டான். சாயங்காலம் வாந்தி, பாட்டு நின்றது.

ஆகஸ்ட் 6
இந்த நோய்க்கென்றே டெசெல்ரா என்ற, நோயாளியின் நோயெதிர்ப்புச் செல்களையே மாற்றி ஏற்றும் செல் சிகிச்சைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. செய்தியை அனுப்பியவனும் தம்பிதான். கீமோ எடுத்தும் அறுக்க முடியாத நிலையிலோ பரவியோ இருப்பவர்களுக்குத்தான் அது, அவர்களிலும் எல்லாருக்கும் பொருந்தாது. "அது நமக்குத் தேவைப்படவே கூடாது" என்றார் டாக்டர். காலைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாயும் நரம்பும் கட்டிக்கு எவ்வளவு நெருக்கம் என்று அடுத்த எம்.ஆர்.ஐ.யில் பார்க்கணும். அப்புறம் ஆபரேஷன், கதிர்வீச்சு.