பிறந்தநாளும் பாசி சூப்பும்

தென் கொரியாவில் பிறந்தநாளன்று கடற்பாசி சூப் குடிக்கிறார்கள். பெயர் மியோக்குக். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேறக் கொடுக்கும் பத்தியச் சாப்பாடு அது. கொண்டாட்டம் பிள்ளைக்கு, நினைப்பு அம்மா பட்ட பாட்டின் மேல். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் பரீட்சை நாளில் அதே சூப்பைத் தொடமாட்டார்கள். பாசி வழுக்குமாம், மார்க்கும் வழுக்கிவிடுமாம்!

முதல் பிறந்தநாளில் குழந்தை முன்னால் நூல், அரிசி, பணம், புத்தகம் எல்லாம் பரப்புவார்கள். நூலை எடுத்தால் நீண்ட ஆயுள். இப்போது ஸ்டெதாஸ்கோப்பும் வைக்கிறார்கள். (பெற்றோர் எதைக் கிட்டே நகர்த்துவார்கள் என்று சொல்லணுமா?)

வயதுக் கணக்குதான் வேடிக்கை. பழைய வழக்கப்படி பிறந்ததுமே வயது 1, ஜனவரி 1 வந்தால் எல்லாருக்கும் இன்னொன்று. டிசம்பர் 31 அன்று பிறந்த குழந்தைக்கு மறுநாளே 2! சட்டம் 2023 ஜூன் 28 அன்று உலகக் கணக்குக்கு மாறியது. ஒரே ராத்திரியில் ஊருக்கே ஒன்றிரண்டு வயது குறைந்தது.