ரெண்டு நாள், 30 கிலோமீட்டர், ஒரு ஆறு

மூணு வாரமா ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி ஆத்தோட வரைபடத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். நாங்க நாலு பேர், இருவர் உட்காரும் கயாக் (ஒடுக்கமான சின்னத் துடுப்புப் படகு) ரெண்டு. அமைதியான தண்ணியில துடுப்பு போட்டா மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போகலாம். ஆனா எதிர்க்காத்து அடிச்சா பாதிகூடத் தேறாது. அதனால ஒரு நாளைக்கு 15 போதும்னு வச்சிருக்கோம். மணல்திட்டுல இறங்கிச் சும்மா உட்காரவும் நேரம் வேணுமே!

ஆறுகளைக் கடினத்தைப் பொறுத்து 1 (ரொம்ப லேசு) முதல் 6 (ரொம்பக் கடினம்) வரை தரம் பிரிக்கிறாங்க. எங்களுது 1, சில இடத்துல 2.

வழியில ஒரு தடுப்பணை இருக்கு. அதை நினைச்சாத்தான் பயம். மேலிருந்து வரும்போது தண்ணி வழவழன்னு ஒரே கோடாத் தெரியும், விழுற இடமே கண்ணுல படாது. கீழே விழுந்த தண்ணி திரும்ப அணைப் பக்கமே சுருட்டி இழுக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் விடாம புரட்டும். ரொம்ப முன்னாடியே கரையேறி, கயாக்கைத் தூக்கிக்கிட்டு நடந்தே தாண்டப் போறோம். விழுந்து கிடக்கிற மரங்களும் அப்படித்தான். தண்ணி கிளைக்குள்ள புகுந்து போயிடும், ஆள் மாட்டிக்குவான்.

ஆத்தோட மேல்பகுதியில மழைன்னா பயணம் தள்ளிப்போகும். அதுல மட்டும் பேச்சே இல்லை.

நேத்து ஒருத்தன், "ஆழம் கம்மிதானே, ஜாக்கெட்டை இவ்வளவு இறுக்கணுமாடா?"ன்னான். அவன் ஜாக்கெட்டோட கொக்கியை மட்டும் போட்டு, அதோட தோள்பட்டையைப் பிடிச்சு மேலே இழுத்துக் காட்டினேன். காது வரைக்கும் ஏறிடுச்சு. பட்டையை இறுக்கினதும் அசையலை. அப்புறம் அவன் ஒண்ணும் பேசலை.