சோபுவேயின் பெண் மரங்கள்

ஜப்பானின் நகோயாவுக்கு வடமேற்கே, இனாசாவா நகராட்சிக்குள் அடங்கிய சோபுவே என்னும் ஊருக்கு நவம்பர் கடைசி வாரத்தில் போயிருந்தேன். யாமசாகி நிலையத்தில் இறங்கியதும் கண்ணை நிறைப்பது மஞ்சள் நிறம். அடுத்து மூக்கில் ஏறுவது சிக்குப் பிடித்த வெண்ணெயின் வாடை. இரண்டுக்கும் காரணம் கின்கோ மரம்தான். வீட்டு முற்றங்களிலும் கோயில் வளாகங்களிலும் அவ்வூரில் 10,000-க்கும் மேற்பட்ட கின்கோக்கள் நிற்கின்றன.

முன்னோர் அவற்றை அழகுக்காக நடவில்லை. குளிர்காலத்தில் இபுகி மலைப் பக்கமிருந்து அந்தச் சமவெளியில் இறங்கும் கடுங்காற்றுக்கு ‘இபுகி ஒரோஷி’ என்று தனிப்பெயரே உண்டு. அந்தக் காற்றைத் தடுக்கத்தான் வீடுகளையும் பௌத்தக் கோயில்களையும் சுற்றி இம்மரத்தை வைத்தார்கள். எளிதில் தீப்பற்றாத மரம் என்பதால், மரத்தாலான வீடுகளுக்கு அது தீயரணாகவும் இருந்தது. பின்னர் கொட்டைக்கு நல்ல விலை கிடைப்பதைக் கண்டு, பெரிய கொட்டை தரும் தாய்மரத்தின் கிளையை எடுத்து ஒட்டுக்கட்டத் தொடங்கினார்கள். ‘கியூஜு’ என்ற ரகம் அந்த ஊரிலேயே பிறந்ததுதான்.

ஒட்டுக்கட்டுவதற்குத் தக்க காரணம் இருக்கிறது. கின்கோவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையிலிருந்து வளர்ந்த மரம் காய்ப்பதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதுவரை அது ஆணா பெண்ணா என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது. தாத்தா நட்டால் பேரன் உண்பான் என்ற பொருளில் சீனர்கள் அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு நம் பனைதான் நினைவுக்கு வந்தது. பனையிலும் ஆண், பெண் தனித்தனி. “தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்” என்று ஊரில் சொல்வதும் இதே பொறுமையைப் பற்றித்தான்.

ஒரு வீட்டு முற்றத்தில் முதிய பெண்மணி ஒருவர் ரப்பர் கையுறையுடன் பழங்களைத் தண்ணீரில் அலசிச் சதையை நீக்கிக்கொண்டிருந்தார். வெறுங்கையால் தொட்டால் தோல் அரித்துத் தடிக்கும் என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு, காய்ந்த கொட்டைகளில் ஏழெட்டை எடுத்து லேசாக ஓட்டை உடைத்து, பழைய தபால் உறையில் உப்புடன் போட்டு மடித்து மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தார். பட், பட்டென்று வெடிக்கும் ஓசை கேட்டது. உள்ளே இளம்பச்சையாக, பளபளவென்று, சற்றே கசப்புடன் இருந்தது பருப்பு. “அதிகம் வேண்டாம், சிறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்” என்றார். அந்தப் பருப்பிலுள்ள நச்சு வைட்டமின் பி6-இன் வேலையைத் தடுத்து வலிப்பு வரை கொண்டுபோகக்கூடியது. அவர் சொன்னது வெறும் பாட்டி வைத்தியம் அன்று.

இன்று பல நகரங்கள் ஆண் கின்கோவை மட்டுமே நட விரும்புகின்றன. பழத்தின் சதையிலுள்ள பியூட்டிரிக் அமிலமே அந்த நாற்றத்துக்குக் காரணம். மிதிபட்டால் நடைபாதை வழுக்கும். சியோலில் பெண் மரங்களை அகற்றி ஆண் மரங்களை வைக்கிறார்கள், சில இடங்களில் மரத்தடியில் வலை கட்டிப் பழங்களை ஏந்துகிறார்கள். பேருந்து நிறுத்தத்தில் அது நியாயமே. ஆனால் ஊர் முழுவதும் ஆண் மரமாகவே இருந்தால், பொறுக்கவும் அலசவும் காயவைக்கவும் அண்டை வீட்டுக்குப் பங்கு கொடுக்கவும் ஒன்றுமே இருக்காது. நிழலும் மஞ்சள் இலையும் போதுமென்றால் ஆண் மரம் போதும். அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் தேடி வரவேண்டுமென்றால் பெண் மரம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் குடியிருப்புச் சங்கம் வரும் மார்ச்சில் பூங்காவில் ஆறு கின்கோக் கன்றுகளை நடவிருக்கிறது. அவற்றில் ஒன்றாவது, ஊஞ்சலுக்கு எட்டாத வடக்கு மூலையில், ஒட்டுக்கட்டிய பெண் கன்றாக இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். நாற்றம் வந்தால் யார் பொறுப்பு என்று கூட்டத்தில் கேட்டார்கள். பழம் விழும் மாதங்களில் காலையில் கூட்டிப் பெருக்கும் முதல் பெயராக என் பெயரை எழுதிக் கொடுத்தேன். கூட்டம் கலைவதற்குள் அதன் கீழே இன்னும் இருவர் எழுதியிருந்தார்கள்.