மரங்களுக்கு நடுவே டிராக்டர்

மரங்களுக்கு நடுவே டிராக்டர் ஓட்டும்போது நான் முதலில் பார்ப்பது தலைக்கு மேலே உள்ள கிளைகளைத்தான். தாழ்ந்த கிளை ஒன்று ஓட்டுநரை இருக்கையிலிருந்து கீழே தள்ளவும், பின்சக்கரமோ பின்னால் வரும் கருவியோ அவர்மீது ஏறவும் சில நொடிகளே போதும் என்பதால், வேலையைத் தொடங்கும் முன்பே அத்தகைய கிளைகளைக் கழித்துவிடுகிறேன். கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டத்தைக் கிளைகளுக்காக மடக்க நேர்ந்தால், அவ்விடத்தைக் கடந்ததும் நிமிர்த்தி, இருக்கைப் பட்டையை அணிந்துகொள்வேன். சட்டம் மடங்கியிருக்கையில் பட்டை அணியக் கூடாது என்பதைப் பலர் அறிவதில்லை.

எனக்கு மிகுந்த அச்சம் தருவது மரக்கட்டையை இழுக்கும் வேலை. சங்கிலியைப் பின் அச்சிலோ அதற்கு மேலோ மாட்டினால், கட்டை அசையாமல் நிற்கும்போது சக்கரங்களின் விசை டிராக்டரின் முன்பகுதியைத் தூக்கி, ஏறக்குறைய 1.5 நொடிக்குள் வண்டியைப் பின்புறமாகக் கவிழ்த்துவிடும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. பின் அச்சுக்குக் கீழே உள்ள இழுவைக் கம்பியில் மட்டுமே சங்கிலியை மாட்ட வேண்டும். வேரோடு பதிந்த அடிக்கட்டையை டிராக்டரால் பிடுங்க முயலவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பட்டுப்போன மரத்தை முன்பக்க லோடரால் முட்டித் தள்ளுவதும் அவ்வாறே ஆபத்தானது. உச்சிக் கிளை முறிந்து ஓட்டுநர்மீதே விழக்கூடும்.