ஷஃபானிலேயே தொடங்கிய ஆயத்தம்

சர்க்கரை நோய் கண்ட பிறகு வந்த முதல் ரமலானிலும் நோன்பு வைக்க எனக்கு ஆசை இருந்தது. உடம்பு அதற்கு இடங்கொடுக்குமா என்று கேட்க, ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஃபான் பிறப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்கப் போனேன். நோயாளிகள் நோன்பை விட்டுவிட்டு வேறு நாள்களில் வைத்துக்கொள்ளக் குர்ஆன் (2:184, 185) சலுகை தந்திருக்கிறது என்று அவரிடம் நானே சொல்லி, அந்தச் சலுகை எனக்கு வேண்டியிருக்குமா என்பதை மட்டும் சொன்னால் போதும் என்றேன்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியையும் சிறுநீரகத்தின் நிலையையும் பார்த்த பிறகே அவர் சம்மதித்தார். காலையில் போட்டுவந்த கிளிமிப்பிரைடு என்ற சர்க்கரை மாத்திரை நோன்பு திறக்கும் வேளைக்கு மாறியது. அதன் இரவு அளவு பாதியாகி, விடியலுக்கு முன் உண்ணும் ஸஹருக்குப் போனது. இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் அளவு மாறாமல் இந்த இரு வேளைகளுக்கும் வந்தது. இது என் உடம்புக்கென எழுதித் தந்த கணக்கு. இதைப் பார்த்து இன்னொருவர் மாற்றிக்கொள்ளக் கூடாது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ, நோன்பு திறக்கும் மஃரிபுக்குச் சிறிது நேரமே இருந்தாலும், நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான நிபந்தனை. விரலில் குத்திச் சொட்டு இரத்தம் எடுத்தால் நோன்பு முறியுமோ என்று தயங்கி, பகலில் சோதிக்காமலே இருந்துவிடுபவர்கள் எங்கள் ஊரில் இன்றும் உண்டு. முறியாது என்று இமாம் தெளிவாகச் சொன்னது எனக்கு மருந்துச் சீட்டைவிடப் பெரிய ஆறுதல்.

பசியைவிட எனக்குப் பெரிய பயம் தேநீர்தான். நேரத்துக்குத் தேநீர் இறங்காவிட்டால் பிற்பகலில் நெற்றிப்பொட்டில் தொடங்கும் வலி அஸர் தொழுகைக்குள் பிடரிவரை பரவிவிடும். பசிதான் காரணம் என்று பலர் நினைத்தாலும், காஃபின் திடீரென நின்றுபோவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஆகவே ஷஃபான் முழுவதும் முதலில் பதினொரு மணித் தேநீரையும், பிறகு மாலைத் தேநீரையும் விட்டு, காலையில் குடிப்பதையும் அரைக் குவளையாக்கினேன். நபியவர்கள் ரமலானுக்கு அடுத்தபடியாக அதிகம் நோன்பு வைத்த மாதம் ஷஃபான் என்பதால், மருத்துவரின் சம்மதத்தோடு, திங்கள், வியாழன் நோன்புகள் சிலவற்றை வைத்துப் புதிய மாத்திரை நேரத்தையும் அப்போதே சோதித்துக்கொண்டேன்.

ஸஹருக்குப் புழுங்கலரிசிச் சோறும் பருப்பும் முட்டையும் தயிரும் என்று வைத்துக்கொண்டு, தாகத்தைக் கிளப்பும் ஊறுகாயையும் கருவாட்டையும் ஒதுக்கினேன். தண்ணீரை விடியற்காலைப் பாங்குக்கு முன் ஒரே மூச்சில் குடித்தால் சிறிது நேரத்தில் சிறுநீராகப் போய்விடுகிறது. ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹுக்கு முன்னும் பின்னுமாகப் பிரித்துக் குடித்ததுதான் பகலில் தாங்கியது. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் போட்டுப் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியை விட எனக்கு மனமில்லை. ஒரு கிண்ணத்தோடு நிறுத்தி, கூட வரும் சமோசாவையும் ரோஸ்மில்க்கையும் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டேன், பேரீச்சம்பழமும் ஒன்றுதான்.

பெருநாள் முடிந்ததும் மாத்திரைகளைப் பழைய நேரத்துக்கே திருப்ப வேண்டும் என்பதால், மருத்துவரிடம் அதற்கான நாளையும் ரமலானுக்குள்ளேயே வாங்கி வைத்துக்கொண்டேன்.