ஏழு எங்க மேடம்?

“ஏழு எங்க மேடம்?”

சென்னையை அதன் கட்டட அமைப்பைப் பார்த்து எண் போட்டு வகை பிரிக்கும் வரைபடத்தை அனுப்ப வேண்டிய நாள். கள வேலைக்கு வந்திருந்த தம்பி என் திரையை எட்டிப் பார்த்துக் கேட்டது இவ்வளவுதான். “மூணுல சேர்த்துட்டேன்டா. ரொம்பச் சின்னதா இருக்கு, நிக்கல” என்றேன். “சரி மேடம்” என்று டீ குடிக்கப் போய்விட்டான். அந்தச் ‘சரி’தான் என்னை விடமாட்டேன் என்கிறது.

நகரத்துச் சூட்டை ஆராய, காலநிலை ஆய்வாளர்கள் ஸ்டூவர்ட்டும் ஓக்கும் 2012-இல் வகுத்த 17 நில வகைகளில் ஏழாவது, தகரம், ஓலை, பலகை வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் இடம். மூன்றாவதும் நெருக்கம்தான், ஆனால் செங்கல், கான்கிரீட். சென்னையில் எங்கே கை வைத்தாலும் மூன்று வரும். பக்கிங்காம் கால்வாயோரத்துத் தகர வீடுகளோ நாடா மாதிரி நீண்டு கிடப்பவை. எங்கள் வரைபடத்தின் ஒரு கட்டம் 100 மீட்டர். ‘இது இன்ன வகை’ என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்க இடத்தைச் சுற்றி வரையும் எல்லை, அதாவது பாலிகன், 200 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும் என்பது விதி. மீறி வரைந்தாலும், சின்னத் துண்டுகளை அக்கம்பக்கத்து வகையோடு கரைத்துவிடும் வடிகட்டி கடைசியில் அதைத் தின்றுவிடும். ஏழாவதை மூன்றில் சேர்த்ததும் துல்லியம் ஏறியது. முறைப்படி நான் செய்தது சரி. தவிர, இந்த வகைப்பாடு ஒரு பேட்டையின் காற்றைப் பற்றியது, வீட்டுக்குள் வேகும் சூட்டைப் பற்றியது அல்ல. இதை யார் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்கவில்லை.

ஆனால் அந்தப் பாலிகனை அவன் வெறுமனே உட்கார்ந்து வரையவில்லை. ஏப்ரல் வெயிலில் இரண்டு பேரும் நடந்தோம். கூரை மேல் நனைத்த சாக்கு, ஷீட் பறக்காமல் இருக்கப் பழைய டயர். அகச்சிவப்பு வெப்பமானியை எடுத்ததும் பிள்ளைகள் வரிசையாக நெற்றியைக் காட்டின, கொரோனா பழக்கம். புதுத் தகரத்தில் பிடித்தால் எண் குறைவாக வந்தது. பளபளக்கும் உலோகம் தன் சூட்டை அந்தக் கருவிக்குச் சரியாகக் காட்டாது. அவன் உள்ளங்கையை வைத்தான், வைத்த வேகத்தில் எடுத்தான். “மிஷின் பொய் சொல்லுது மேடம்.” துருப்பிடித்த பக்கத்து ஷீட்டில் எண் எகிறியது. நான் சிரித்துக்கொண்டே காரணத்தை விளக்கினேன். விளக்குவதில் எனக்கு எப்போதும் குறைவில்லை.

பிறகு ஒரு கூட்டம். சூட்டைக் குறைக்க வெள்ளைப் பூச்சு அடிக்கக் கூரைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், திரையில் என் வரைபடம். மூன்று என்றால் மொட்டை மாடி என்று எடுத்துக்கொண்டார்கள். “கால்வாயோரம் தகர வீடுகளும் இருக்கு சார்” என்றேன். “மேப்ல இல்லையே மேடம்” என்றார் ஒருவர். அதை எடுத்ததே நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு நியாயம் கிடைத்தது. குறித்துக் கொடுத்தால் அதை வைத்துக் காலி செய்யச் சொல்லிவிட்டால்? நீர்நிலை ஓரங்களிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர். அங்கே அடுக்குமாடிக் கான்கிரீட் பகல் சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கும். அப்படியானால் வரைபடத்தில் இல்லாமல் இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு அல்லவா? நல்ல நியாயம்தான். என்ன, ஏழை அழித்த அன்று அது என் மண்டையில் இல்லை. ராத்திரிக்குள் அனுப்ப வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

தம்பியிடமே சொல்லிப் பார்த்தேன். சிரித்தான். “அதான் கூகுள்லயே தெரியுதே மேடம். எடுக்கணும்னா உங்க மேப்பப் பாத்துட்டா எடுப்பாங்க? குடுக்கறதுன்னாதான் மேப் கேப்பாங்க.”

அவன் வரைந்த கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. அழிக்கவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. இப்போது வேறொரு ஊருக்கு வேலை வந்திருக்கிறது. அங்கேயும் ஆற்றோரம் ஒரு நாடா தெரிகிறது. நேற்று அளந்து பார்த்தேன், 60 மீட்டர்கூட இல்லை.